கடைமடை என்றுதான் சொன்னார்

பெரியவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதுவதற்கு மன்னியுங்கள். நான் படையில் இருந்தவள் அல்ல. நன்னிலத்தில் ஜெனரல் ஐயா வீட்டில் இரண்டு ஆண்டுகள், அவர் சொல்லச் சொல்லப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவள். முன்னாள் படைவீரர் சங்கம் அவருடைய வரி ஒன்றைக் கல்லில் வெட்டப்போகிறது. அதில் ஒரு சொல் தவறு. அதனால் எழுதுகிறேன்.

மயிலாடுதுறைப் பேருந்தில் இருந்தபோது சங்கச் செயலாளர் அழைத்தார். "ஐயா போயிட்டாரும்மா. அந்தப் புத்தக ஃபைலை உடனே அனுப்பு, ஃபிளெக்ஸ் அடிக்கணும்" என்றார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் அவர் மூச்சுகூட விடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் கதவருகே நின்றேன். "உட்காருங்க. நின்னுக்கிட்டு டைப் அடிக்க முடியாது" என்றார் ஐயா. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற வீட்டிலிருந்து வந்த முதல் பட்டதாரி நான். என்னிடம் 'ங்க' போட்டுப் பேசிய முதல் பெரிய மனிதர் அவர்.

போரைப் பற்றி அவர் பெருமையடித்து நான் கேட்டதில்லை. இளம் அதிகாரியாக மலை உச்சியில் இருந்த நாள்களை இப்படித்தான் சொன்னார்: "தண்ணி கேன்ல முதல்ல எங்கிட்ட வரும். மேல நான், கீழ வரிசையா காவல் போஸ்ட்டு. வந்த தண்ணியில நான் ஷேவ் பண்ணிக்கிட்டேங்க. ஆபீசர் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கணும், அதுதான் டிசிப்ளின்னு நெனப்பு. கடைசி போஸ்ட்டுக்கு வெறும் கேன் போச்சு. அங்க இருந்த ரெண்டு பேரு பட்டப்பகல்ல ஓடைக்கு இறங்கினாங்க. திரும்பி வரல."

சொல்லிவிட்டுத் தாடையைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். பிறகு, "தலைவன் நிக்க வேண்டியது அந்தக் கடைசி போஸ்ட்டுலதான். அதைத் தமிழ்ல எப்படிங்க எழுதுறது?" என்று கேட்டார்.

"கடைமடைன்னு போடலாங்களா ஐயா?" என்றேன். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்கள் அவை. எங்கள் ஊர் அப்படித்தான். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் வரப்பு வழிந்தாலும் எங்களிடம் நாற்று கருகும்.

அவர் சிரித்தார். "எங்க குடும்ப நிலம் பூரா தலைமடை. அதான் எனக்கு இந்த வார்த்தை வரல. எழுதுங்க. தலைவன் நிற்க வேண்டிய இடம் கடைமடை."

இன்னொரு நாள் தைரியத்தைப் பற்றிச் சொன்னார். "குண்டு பழகிடுங்க. மேலதிகாரிகிட்ட 'சார், இது தப்பு'ன்னு சொல்லப் போனப்பதான் எனக்குக் கால் நடுங்கியிருக்கு." அதையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன். படித்து என்ன பயன்?

புத்தகத்தை வெளியிட்டது சங்கம்தான். அச்சுக்குப் போகும் முன் சங்க அலுவலகத்தில் செயலாளர் அதைப் பார்த்தார். "என்னம்மா இது, ஜெனரல் போய்க் கடைமடையில நிப்பாரா? தலைமடைன்னு மாத்து." நான் வாய் திறப்பதற்குள், "உன் ஊரு கடைமடைதானே? நைசா உள்ள நுழைச்சுட்டியா?" என்றார். அறையே சிரித்தது. மாற்றிக் கொடுத்தேன்.

தஞ்சாவூர் மருத்துவமனையில் ஐயா புத்தகத்தைப் பிரித்து, அந்த வரியிலேயே நின்றுவிட்டார்.

"யாருங்க மாத்துனது?"

"அச்சுப் பிழைங்க ஐயா."

"அடுத்த பதிப்புல சரி பண்ணிடுங்க" என்று கண்ணாடியைக் கழற்றினார். பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

உடலை எடுக்கும் முன் நடந்த இரங்கல் கூட்டத்து ஃபிளெக்ஸில் ஐயாவைவிடச் செயலாளர் பெரிதாக இருந்தார். நடு நாற்காலிக்குத் தள்ளுமுள்ளு. மேடைக்கு இளநீர் போனது. பதக்கம் குத்திய சட்டையோடு வந்திருந்த வயதான சிப்பாய்கள் வெயிலில் வேர்த்து நின்றார்கள். அவர்களுக்குத் தண்ணீர்கூட வரவில்லை. "தலைவன் நிற்க வேண்டிய இடம் தலைமடை!" என்று செயலாளர் முழங்கினார். மீசையில் இளநீர் வழுக்கை ஒட்டியிருந்தது. இதையே கல்லில் வெட்டுவோம் என்றார். கைதட்டினார்கள். அந்தச் சொல்லை அடித்த விரல்கள் என்னுடையவை.

ஐயாவைத் தூக்கிச் சென்றபோது தெருமுனையில் நின்றேன். படம் எடுக்க முன்னால் முண்டியவர்கள் போன பிறகு, அந்தச் சிப்பாய்கள் நால்வர் மெதுவாக, கால் ஒத்து நடந்து போனார்கள்.

போய் வாருங்கள் ஐயா. அது அச்சுப் பிழை இல்லை. நான் உங்களிடம் பொய் சொன்னேன்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கல்லில் 'கடைமடை' என்று வெட்டுங்கள். அது கௌரவக் குறைச்சல் என்று தோன்றினால், அவர் பெயரை விட்டுவிட்டு வெறுங்கல்லை நட்டுக்கொள்ளுங்கள்.