சிவப்பு கார்டா, பச்சை கார்டா?

கேமிங் கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குவது? சிவப்பு லோகோ கம்பெனியா, பச்சை லோகோ கம்பெனியா? இரண்டு வாரமாக இதே குழப்பம்.

இன்று வில்லியனூர் பஸ்ஸிலும் நண்பனிடம் போனில் அதே பேச்சு. "சிவப்பு கார்டே வாங்கிடலாம்டா" என்றேன்.

முன் சீட்டில் இருந்த அக்கா திரும்பினார். "சிவப்பு கார்டு இல்லாதப்பட்டவங்களுக்குப்பா. ஒனக்கு மஞ்ச கார்டுதான் தருவாங்க."

"ரேஷன் கார்டு இல்லக்கா. இது கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறதுக்கு. இதப் போட்டா படம் பளிச்சுனு தெரியும்."

"இன்னா கார்டு போட்டாலும் ஆடப்போறது நீதானேப்பா?"

கேலியில்லை, நிஜமான சந்தேகம்தான். எந்த கேமிலும் முதல் ஆளாகச் சாகிறவன் நான். போனில் நண்பன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

சொல்லுங்கள் மக்களே, நான் சாவது எந்தக் கார்டில் தெளிவாகத் தெரியும்?