அப்பாவின் பிறந்தநாளில் வெடித்த பலூன்

இன்று அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறார். அவருக்குத் தெரியாமல் வீட்டை அலங்கரித்து, கேக் வாங்கி வைத்திருந்தோம்.

கேக் வெட்டும் நேரத்தில் ஒரு பலூன் வெடித்தது.

அப்பா கத்தியைப் போட்டுவிட்டு, என் மகளை வாரியெடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

“ஏலே, எல்லாரும் வெளிய ஓடியாங்கலே!”

சிரித்துக்கொண்டே பின்னால் போனோம். அவர் என் மகளை இறுக அணைத்தபடி எங்களுக்குப் பின்னால் யாரையோ தேடுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“உங்கம்மா எங்கனலே?” என்று என்னிடம் கத்தினார்.

“இங்கனதான் நிக்கேன். வெடிச்சது பலூனுங்க” என்றார் அம்மா.

எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்த பிறகுதான் மகளை இறக்கிவிட்டார். இத்தனை வருடமும் இந்தப் பயத்தோடுதான் வேலைக்குப் போயிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கேக்கைத் தெருவிலேயே வெட்டினோம்.

வீட்டுக்குள் இன்னும் இருபது பலூன் தொங்குகிறது. சத்தமில்லாமல் காற்றை இறக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.