மூலை மெஷின் இருந்த வட்டம்

1. ரிலீஸ்

நாய்க்குட்டிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னால் திருப்பூரில் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். "டியூசன் ஃபீஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் தொடங்கிய தொழில் இது. ஞாயிறு காலையில் ஏழெட்டுக் குட்டிகளையும் அவற்றை வளர்ப்பவர்களையும் வரிசையாக நிற்க வைத்துப் பழக்குவேன். குட்டிகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். வளர்ப்பவர்களுக்குத்தான் தொண்டை வற்றக் கத்த வேண்டியிருக்கும்.

பொங்கலூர் பக்கம் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு காலி நிட்டிங் ஷெட் வாடகைக்குக் கிடைத்தது. கம்பெனி வேறு இடத்துக்கு மாறிவிட்டது. மெஷின்கள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். பனியன் துணி பின்னுகிற சர்க்குலர் மெஷின் உருண்டையாக இருக்கும். ஆப்பரேட்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து நூல் அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

முதல் நாள் வகுப்பில் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். "ஸ்டே சொல்லி உக்கார வெக்கறது பெரிய வித்தை இல்லீங்க. சொன்னவங்க மறக்காம ரிலீஸ் சொல்லி எழுப்பி விடணும். நீங்க பாட்டுக்குப் போனுல பேசப் போயிட்டீங்கன்னா, நல்ல நாயா இருந்தா அங்கேயே உக்காந்து கிடக்கும்."

தனலட்சுமி அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. கணவர் உயிரோடு இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் துணைக்காக வாங்கிக் கொடுத்த லேப்ரடார் குட்டியோடு வந்திருந்தார். பெயர் புஜ்ஜி.

"மாஸ்டர், என்ற ஊடு ரோட்டுக்கு அந்தப் பக்கமுங்க. கதவு திறந்தாப் போதும், இது ரோட்டைத் தாண்டி இந்த ஷெட்டுக்கு ஓடியாந்துருதுங்க. கூப்பிட்டா வர்றதில்லை. கம்பெனி வேனெல்லாம் பறக்குது. என்னைக்காவது அடிபட்டுப் போயிருமுங்க."

"வா-ன்னா வரப் பழக்கிரலாம் விடுங்கம்மா."

"பழகலீன்னா உடுமலையில வாங்குன எடத்துலயே திருப்பிக் குடுத்துடுவனுங்க. இன்னொரு சாவைப் பாக்க எனக்குத் தெம்பில்லை."

சொல்லும்போது குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். கொடுக்க மனமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

2. ஏழு தலைகள்

இரண்டாம் வாரம் எல்லாக் குட்டிகளையும் ஸ்டேயில் உட்கார வைத்து, ரிலீஸ் சொன்னோம். ஆறு குட்டிகள் துள்ளிக்கொண்டு ஓடின. புஜ்ஜி மட்டும் மூலையில் இருந்த வட்டத்துக்குப் போய், கறைக்கு வெளியே ஒழுங்காக உட்கார்ந்தது. நாங்கள் யாரும் சிட் சொல்லவில்லை. தலையைத் தூக்கி, ஓர் ஆள் உயரத்தில் எதையோ பார்த்தது. பிறகு அதன் தலை மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இடது பக்கத்திலிருந்து தொடங்கியது.

பல்லியாக இருக்கும் என்றேன். பல்லி இல்லை. எண்ணெய் வாசமாக இருக்கும் என்று சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வைத்தேன். அடுத்த வாரமும் அதே இடம், அதே பார்வை. ட்ரீட் பிஸ்கட்டை மூக்கருகே நீட்டினால், மறைக்காதே என்பது போலத் தலையை ஒதுக்கிக்கொண்டது.

எனக்குக் கோபம் வந்தது. குற்றவாளிகளைப் பிடித்த நாய்களைப் பழக்கியவன் ஒரு கொழுகொழுக் குட்டியிடம் தோற்பதா என்ற வீம்பு. நேராக வட்டத்துக்குள் போய் நின்று, அதன் பார்வையை மறித்தேன். புஜ்ஜியின் கண்கள் என் முகத்தைக் கடந்து, தோளைக் கடந்து, எனக்குப் பின்னால் போயின. பிறகு மறு பக்கமாக வெளியே வந்தன. என்னைச் சுற்றிக்கொண்டு யாரோ போனது போல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. காலை வெயில் ஷெட்டுக்குள் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது.

"மாஸ்டர், இங்க பாருங்க" என்றார் ரிட்ரீவர் குட்டி வைத்திருந்த ஒரு பனியன் கம்பெனி முதலாளி.

திரும்பினேன். ஏழு குட்டிகளும் உட்கார்ந்திருந்தன. ஏழு தலைகளும் ஒன்றாக, ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

3. மாற்று ஆள்

எல்லோரையும் வெளியே அனுப்பினேன். தனலட்சுமி அம்மா மட்டும் நகரவில்லை.

"அந்த மூலையில இருந்த மெஷின் என்ற ஊட்டுக்காரரோடதுங்க" என்றார்.

அவர் கணவர் அங்கே ஆப்பரேட்டராக இருந்தவர். நிட்டிங் ஹாலில் மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது. அடுத்த ஷிப்ட் ஆள் பின்னால் வந்து தோளில் தட்டுவார். அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் நிற்பவர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவார். ஓடுகிற மெஷினை ஆள் இல்லாமல் விடக்கூடாது. அவர் இறந்த அன்றைக்கு மாற்ற வேண்டியவர் வரவில்லை. நெஞ்சு வலித்திருக்கிறது, ஆனாலும் இவர் நின்றே ஓட்டியிருக்கிறார். சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார்.

"புஜ்ஜி அவரைப் பாத்ததே இல்லீங்க. அவரு போயி மூணு வருசம் கழிச்சுப் பொறந்தது."

கறையைப் பார்த்துக்கொண்டே அவர் அடுத்துக் கேட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், ஸ்டே சொன்னவங்க வராமயே போயிட்டா, யாருங்க ரிலீஸ் பண்றது?"

கேள்வி நாயைப் பற்றியதல்ல என்று தெரிந்தது. ஆனாலும் எனக்குத் தெரிந்தது நாய் மட்டும்தான். "எங்க பிரிவுல நாயோட ஹேண்ட்லர் ரிட்டயர் ஆனா, புது ஆள் முன்னால போயி அவரு கையில இருக்கற லீஷ் கயித்தை வாங்குவாருங்க. பொறுப்பை யாரு ஏத்துக்கறாங்களோ, அவங்க சொல்லலாம்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் போனார். புஜ்ஜியின் தலை திரும்புவதையே கவனித்து, சரியான நேரத்தில் கையை நீட்டி, ஒரு மனிதனின் தோள் இருக்கும் உயரத்தில் இரண்டு முறை தட்டினார். கை எதிலோ பட்டது போல நின்றது.

"நான் மாத்தறதுக்கு வந்துட்டனுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

புஜ்ஜியின் தலை நின்றது. பிறகு அதன் பார்வை நேர்க்கோட்டில், மெதுவாக, வாசலை நோக்கி நகர்ந்தது. வெளியே காத்திருந்த குட்டிகள் வாயிலில் இரண்டு பக்கமாக விலகி வழிவிட்டதை நானும் வெளியே நின்ற அந்த முதலாளியும் பார்த்தோம். இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

"புஜ்ஜி, வா" என்றார் தனலட்சுமி அம்மா. அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவர் காலில் விழுந்து புரண்டது. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

4. படித்தது

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நாய் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்றால் உடனே லீஷைச் சுண்டாதீர்கள். அது வேறு யாருக்காகவாவது காத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நானும் இப்போது ஒவ்வொரு குட்டியையும் முதுகில் தொட்டு ரிலீஸ் சொல்லிவிட்டுத்தான் ஷெட்டைப் பூட்டுகிறேன்.

கடைசி வகுப்பன்று தனலட்சுமி அம்மாவிடம், புஜ்ஜி இன்னும் ரோட்டுக்கு ஓடுகிறதா என்று கேட்டேன்.

"இல்லீங்க மாஸ்டர். இப்பெல்லாம் ஊட்டை உட்டு நகர்றதே இல்லை. சாயங்காலமானா அவரு நாற்காலிக்கு முன்னால உக்காந்துக்கிட்டு மேலயே பாத்துட்டு இருக்குதுங்க."

"பயமா இல்லீங்களாம்மா?"

அவர் லீஷைக் கையில் சுற்றிக்கொண்டே சிரித்தார். "என்னங்க பயம். நாந்தானே அவரை ஊட்டுக்குப் போங்கன்னு சொன்னேன்."