பதினாறு கரித்துணிகள்

பின்னல் ஊசியோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும். எங்கள் கம்பெனி வேன் டிரைவர் அதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டுவிடுவார்.

“இன்னாக்கா, ஸ்வெட்டரா? இங்க இன்னா பனியா கொட்டிக்கினு கீது?”

“ஸ்வெட்டர் இல்லண்ணே. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க இது சரி, இது சரியில்லை என்று பிரித்துப் போட்டே பழகிய கை. அந்தப் புத்தி வீடு வரைக்கும் வருகிறது என்று கணவர் சொல்வார். வரட்டுமே, என்ன இப்போது? ஆனால் அந்த வருஷம் புரட்டாசியிலிருந்து பொங்கல் வரை நான் செய்த காரியத்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்திருந்தால் நானே அதைக் கழித்துக் கட்டியிருப்பேன்.

விஷயம் என் தங்கையைப் பற்றியது. எனக்கு நாலு வயது இளையவள். மாங்காட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை அவள் உண்டானபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் வெளிர்மஞ்சள் கம்பளி நூல் வாங்கி, தொப்பி, காலுறை, முன்பக்கம் முடிச்சுப் போடுகிற சின்னச் சட்டை என்று ஒரு செட் முழுவதும் ஆறாம் மாதத்துக்குள் பின்னி முடித்துவிட்டேன்.

என் மாமியார் பாரிவாக்கத்திலேயே பிறந்து, பாரிவாக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். இந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்தபோது நாற்று நட்டவர். அவர் அப்போதே சொன்னார்.

“பொறக்காத புள்ளைக்குத் துணி எடுத்து வெக்காதம்மா. பொறந்ததும் தொவச்ச பழந்துணியிலதான் சுத்தணும். புதுசெல்லாம் அப்பால.”

நான் சிரித்தேன். “போங்கத்தை, இது எந்தக் காலம்” என்று சொன்னேன். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அசைவில்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. நூலுக்கும் உயிருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும், டாக்டரும் காரணம் சொன்னார். தெரிந்து என்ன பிரயோசனம்? மிச்சமிருந்த மஞ்சள் நூலைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

பின்னுவதை விட்டேன். கை சும்மா இருக்கவில்லை. காதிக் கடை ஒன்றில் மடக்கி வைக்கிற பெட்டி ராட்டை ஒன்றைப் பார்த்து வாங்கி வந்து, பஞ்சுத் திரியிலிருந்து நூல் நூற்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்வது சுலபம். முதல் இரண்டு மாதம் இழை அறுந்த கணக்கில் நான் பல்லைக் கடித்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். ஆனால் அறுந்தால் மறுபடி ஒட்ட வைக்க முடிகிற ஒரே ஒரு காரியம் அந்த வருஷத்தில் அதுதான். அதனால் விடாமல் நூற்றேன்.

மூன்று வருஷம் கழித்துத் தங்கை மறுபடி உண்டானாள். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. “அக்கா, இந்தத் தடவை நீ எதுவும் பின்னக்கூடாது. தொப்பி, சாக்ஸ், ஒண்ணும் வேணாம். குழந்தைக்குன்னு ஒரு துண்டுத் துணிகூட எங்கயும் இருக்கக்கூடாது. சத்தியம் பண்ணு.”

சத்தியம் பண்ணினேன். அவளோ குழந்தை என்ற பேச்சையே எடுப்பதில்லை. டாக்டரிடம் போய்வந்தால் ‘எல்லாம் நார்மல்’ என்று இரண்டு வார்த்தை. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற மாங்காட்டு அம்மனிடம்கூட எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. ஆசைப்பட்டால் பறிபோய்விடும் என்று பயந்து ஆசையையே மூட்டை கட்டி வைத்திருந்தாள். அதுதான் என்னைத் தின்றது. குழந்தை நல்லபடி பிறக்க வேண்டும், அது முதல். ஆனால் பிறப்பதற்கு முன்னால் ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, இவள் அதற்காகச் சந்தோஷமாக ஆசைப்பட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

புரட்டாசியில் சத்தியத்துக்கு ஒரு சந்து கண்டுபிடித்தேன். நான் நூற்ற நூலில், ஒரு சாண் அளவுக்குச் சதுரங்கள் பின்னுவது. சதுரத்துக்குக் கையும் இல்லை, கழுத்தும் இல்லை. அது யாருடைய உடுப்பும் இல்லை. வரிசைக்கு நாலாக நாலு வரிசை, பதினாறு. குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து சேர்த்துத் தைத்தால் போர்வை. அதுவரை அவை வெறும் சதுரங்கள். கம்பெனியில் யாராவது இப்படி ஒரு நியாயத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அரை நிமிஷத்தில் துரத்தியிருப்பேன்.

நூற்பதற்குக் காலையில் குக்கர் வைத்த பிறகுதான் நேரம். மூன்று விசில் வருவதற்குள் ஒரு திரி தீரும். அதற்குள் பால் பொங்கும், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும், கணவர் “என் பெல்ட் எங்க?” என்பார். பின்னுவது வேனில். பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ வேலைக்காக எங்கெல்லாம் வண்டியைத் திருப்பி விட்டார்களோ அங்கெல்லாம் எனக்கு நாலு வரிசை கூடுதலாகக் கிடைத்தது. ஊரே அந்த நெரிசலைத் திட்டியது, நான் ஒருத்திதான் திட்டவில்லை.

கையால் நூற்ற பருத்தி நூலைப் பின்னுவதற்கு முன்னால் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கு நிற்காது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு அடுப்பில் அதிரசப் பாகும் இன்னொரு அடுப்பில் நூலுமாக நான் நின்றுகொண்டிருந்தபோது கணவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

“இடியாப்பமா? சொல்லவே இல்ல?”

“ஆமா, தட்டு எடுத்துட்டு வாங்க.”

இதைப் பார்த்த நேரத்தில் பாகு பதம் தப்பிவிட்டது. அந்த வருஷ அதிரசத்தை உடைக்க உலக்கை தேவைப்பட்டது. கார்த்திகை மழையில் நூல் வேறு காயவில்லை. ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே கொடி கட்டி, நூலை வளையமாகச் சுற்றிச் சிட்டம் சிட்டமாகத் தொங்கவிட்டேன். அதன் கீழே குனிந்து குனிந்து நடந்து கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

மாமியார் எத்தனை நாள் சும்மா இருப்பார்? ஒரு நாள் ஒரு சதுரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது?”

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாதவள் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் சொன்னேன். “கரித்துணி அத்தை. சூடு பிடிக்க.”

“பூ மாரி கீது. இதுவா கரித்துணி?”

“ஆமா அத்தை.”

மறுநாள் வேலை முடிந்து வந்தால், அந்தச் சதுரத்தை வைத்துச் சோற்றுப் பானையைப் பிடித்துக் கஞ்சி வடித்திருக்கிறார். நடுவில் பெரிய கறுப்பு வட்டம். நாலு நாள் வேலை. ஐயோ என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கரித்துணி என்று நான்தானே சொன்னேன்.

“சூடே ஏறலம்மா! நல்லா வேலை செஞ்சிருக்க” என்று மனசாரப் பாராட்டினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தெருவில் நாலு வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். பொங்கல் வருகிறது, புதுப் பானையை இறக்கப் புதுத் துணி வேண்டும், உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இவர் ஆளுக்கு இரண்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

“எட்டுதானேம்மா. நீதான் வண்டியில குந்திக்கினே போடுறியே.”

இப்படியாக நான் சொன்ன பொய்க்கு நானே வேலைக்காரி ஆனேன். போர்வைச் சதுரம் ஒன்று, கரித்துணி ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டேன். கம்பெனியிலோ வருஷக் கடைசித் தணிக்கை. மேலாளர் ஒவ்வொரு நாளும் புதுப் பட்டியலோடு வருவார். மேஜைக்கு அடியில் ஒரு வரிசை, கேன்டீனில் ஒரு வரிசை என்று ஓடியது. வேன் டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார், “அக்கா, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. என் வண்டி கியரு ரொம்ப சுடுது.” அவருக்கும் ஒன்று போட்டேன்.

கார்த்திகை முடிவதற்குள் தங்கைக்கு வளைகாப்பு நடத்தினோம். மார்கழி பிறந்தால் விசேஷம் கூடாது. பத்துப் பேருக்கு மேல் அழைக்கக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நலங்கு வைக்கும்போதும் யாரோ பரிசோதனைக்கு வந்தவள் போலக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா இறந்து வெகுநாள் ஆகிவிட்டதால் அவளுக்குத் தாய்வீடு என் வீடுதான். அன்றைக்கே என்னோடு பாரிவாக்கம் வந்துவிட்டாள். தேதி தைக் கடைசியில்.

அவள் வந்ததிலிருந்து வீட்டில் நான் ஊசியை எடுக்கவில்லை. முடித்த சதுரங்களை ஒரு தலையணை உறைக்குள் போட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் பழைய புடவைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அவள் ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே வயிற்றில் கை வைப்பாள். அசைவு தெரிந்ததும் கையை எடுத்துவிடுவாள், சுடுவதைத் தொட்டவள் மாதிரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன்.

போன தடவை குழந்தை நின்றுபோன வாரம் வந்தது. கடந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைக்கு மாமியார் மட்டும் காரணம் சொல்லாமல் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் செய்தார்.

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். மாமியார் தெருவில் பூக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளறையில் தங்கை. போகிக்குக் கழிக்க வேண்டிய பழைய துணிகளைப் பிரித்து வைக்கிறேன் பேர்வழி என்று பீரோவைக் காலி செய்திருக்கிறாள். சும்மா படுத்திரு என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிற ஜென்மம் இல்லை.

கட்டில் மேல் சதுரங்களை அடுக்கி வைத்திருந்தாள். பதினாறும். நாலுக்கு நாலாக, ஓரத்தோடு ஓரம் ஒட்டி.

பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“கரித்துணின்னு அத்தை சொன்னாங்க” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

“ஆமா.”

“பதினாறு கரித்துணியா?”

இதற்குமேல் பொய் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. “மன்னிச்சுடுடி. துணியா தைக்கல. தனித்தனியாத்தான் வெச்சிருக்கேன். இப்பவே எடுத்துடறேன். எல்லாத்தையும் தெருவுல குடுத்துடறேன். கை கேக்கல. உன் குழந்தைக்கு நான் எதுவும் பண்ணாம எப்படிடி இருக்கிறது?” என்று சொல்லிக்கொண்டே போனேன். அவசரமாக ஒரு ஓரத்துச் சதுரத்தை எடுக்கக் குனிந்தேன்.

என் கையைத் தட்டிவிட்டாள். சின்ன வயதில் அவள் பொம்மையை நான் தொட்டால் தட்டிவிடுவாளே, அதே மாதிரி. பிறகு கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து, உள்ளங்கையால் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒரு கை அங்கே இருக்க, இன்னொரு கை வயிற்றுக்குப் போயிற்று. அசைவு வந்திருக்க வேண்டும், புடவைக்கு மேலேயே தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

நான் அப்போதுதான் பையைக் கீழே வைத்தேன்.

“சின்னதா இருக்குக்கா” என்றாள்.

“பொறந்த குழந்தைக்கு இது தாராளம்டி.”

“பொறந்த அன்னிக்குத் தாராளம். அப்புறம் வளருமில்ல?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அவள் கேட்டது நிஜமான கேள்வி. பதில் வேண்டும் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வயசு வரைக்காவது போத்திக்க வேணாமா? இந்தப் பக்கம் ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை. இன்னும் பெருசாப் போடு.”

இந்தப் பக்கம் ஒன்று, கீழே ஒன்று என்றால் இன்னும் ஒன்பது சதுரம். நூற்ற நூல் தீர்ந்துவிட்டது. தெருவுக்குத் தர வேண்டிய கரித்துணி மூன்று பாக்கி. வெள்ளையடிக்க ஆள் நாளைக்கு வருகிறான், கம்பெனியில் தணிக்கை முடியவில்லை, பொங்கலுக்கு எட்டு நாள், அவளுக்கு ஐந்து வாரம். முடியாதுடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“போட்டுடலாம்” என்றேன்.