சாவியைத் திருப்பும் முன்

இதை எழுத வேண்டும் என்று உட்காருவதும், பேனாவை மூடி வைப்பதுமாகப் பல வருஷம் ஓட்டிவிட்டேன். எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் நோய் தீர்ந்ததைச் சொல்வார்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்ததைச் சொல்வார்கள். டிவியில் துருப்பிடித்த கார் பார்த்ததைப் போய்ச் சாட்சி என்று எப்படிச் சொல்வது? எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மனசில் இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைகளுக்கு டெம்போ ஓட்டினவர். பம்பு செட் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர் மேட்டுப்பாளையம் ரோட்டில் போகாத நாள் இல்லை. வண்டியை எடுக்கும் முன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைப்பார். ஸ்டியரிங்மேல் கை வைத்துக் கண்ணை மூடி, "ஆண்டவரே, சக்கரம் ஓடறதும் நிக்கறதும் உம்ம கையில" என்பார். அப்புறம்தான் சாவி. எத்தனை அவசர லோடாக இருந்தாலும் அந்த ஒரு வரி தப்பாது.

எங்கள் மகன் காய்ச்சலில் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்ற மனுஷர், அடக்கம் முடிந்த கையோடு டெம்போவை விற்றார். கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். நான் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. ஆண்டவரோடு பேசுவதை விட்டுவிட்டார், அவ்வளவுதான். அவருக்காக நான் தினமும் ஒன்றைத்தான் கேட்டேன். ஒரு வார்த்தையாவது அவர் உம்மோடு மறுபடி பேச வேண்டும், ஆண்டவரே.

மகள் வாங்கித் தந்த பெரிய டிவியில்தான் அந்த நிகழ்ச்சி கிடைத்தது. வெளிநாட்டில் கொட்டகையிலும் புதருக்குள்ளும் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கார்களைத் தேடிப்பிடித்து ஓடவைக்கிறார்கள். பேச்சைத் தமிழில் மாற்றிப் போடுகிறார்கள். சாயங்காலமானால் இருவரும் உட்கார்ந்துவிடுவோம். எனக்கும் அது பிடித்துப்போனது, பொய் சொல்லக் கூடாது. பானட்டைத் திறந்தால் எலிக்கூடு, சீட்டெல்லாம் கோழி எச்சம். சுரண்டி, துடைத்து, எண்ணெய் விட்டு, அது கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்து வருவதைப் பார்த்தால் அடுப்பில் குழம்பு இருப்பதே மறந்துபோகும்.

"ஏனுங்க, அந்த கேஸ்கட்டத் திருப்பிப் போட்டா ஆகாதுங்களா?"

"ஏ அம்மணி, குக்கர் கேஸ்கட் மாத்தறதுக்கே பக்கத்து ஊட்டுக்கு ஓடறவ, எஞ்சினுக்கு வாரியா?"

"சோறு வேகலீன்னா நீங்கதான கத்துவீங்க. அதான் ஓடறேன்."

சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகவே நான் வேண்டுமென்று தப்பாகக் கேட்டதும் உண்டு.

ஒரு நாள், கோழிக்கொட்டகையிலிருந்து ஒரு நீலக் காரை இழுத்து வந்தார்கள். அதற்குச் சொந்தக்கார அம்மாள் பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செத்துப்போன புருஷன் ஓட்டின வண்டியாம். எல்லா வேலையும் முடிந்து மெக்கானிக் சாவியைத் திருப்பினான். இருமிவிட்டு நின்றது. மறுபடி திருப்பினான். மறுபடியும் நின்றது.

என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"இருடா, இருடா. சும்மா சும்மா திருப்பாத. ஒரு வார்த்த சொல்லிப்போட்டுத் திருப்புடா."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார். கை தானாக முன்னால் நீண்டது, ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்துக்கு. கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, சக்கரம் ஓடறதும் நிக்கறதும் உம்ம கையில."

கொஞ்சம் நிறுத்தினார். "இதையாச்சும் உட்டுப்போடாதீங்க."

அது எப்போதோ எடுத்து முடித்த படம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகைக்குள் நின்று அந்த அம்மாள் அழுதார்.

"என்ன அம்மணி, என்னையவே பாக்கற? ஸ்டார்ட் ஆயிருச்சில்ல?"

"ஆயிருச்சுங்க."

குழம்பு தீய்கிற வாசனை வந்தது. நல்ல வேளை, அடுப்படிக்கு ஓட அது ஒரு சாக்கு.

அன்றிலிருந்து, எந்த தேசத்துக் காராக இருந்தாலும், சாவியைத் திருப்பும் முன் எங்கள் வீட்டில் ஒரு ஜெபம் நடக்கிறது. சில கார்கள் கடைசிவரை ஓடுவதில்லை. அப்போது ஆண்டவரிடம் சண்டைக்குப் போவார். "இதுக்கு என்னங்க கொறச்சல்? எல்லாம் புதுசாத்தான போட்டிருக்கான்?" அதுவும் பேச்சுதானே என்று விட்டுவிடுவேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது எதையும் சேர்க்க வேண்டாம். அடுத்த ஞாயிறே கோயிலுக்கு வந்தார் என்று சொல்லாதீர்கள். வரவில்லை, இன்னும் வரவில்லை. ஜெபத்தால் கார் ஓடியது என்றும் சொல்லாதீர்கள். ஓடவைத்தது அந்த மெக்கானிக். யாருடைய காருக்காகவோ என் வீட்டுக்காரர் ஆண்டவரிடம் வாய் திறந்தார். நான் கேட்டிருந்தது அதைத்தான். அதை அப்படியே சொன்னால் போதும்.