சங்கிலியில் சிக்கிய கூறைச்சேலை

2025 மே 18, ஞாயிறு காலை 10.40. வெயில், பலத்த மேற்குக் காற்று. எங்கள் நாற்பதாவது திருமண நாள். டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே மஞ்சள் பூ வயல்களில் படமெடுக்க, மனைவியைக் கூறைச்சேலையோடு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வரச் சொன்னேன்.

"காற்சட்டையோடை வாறன், அங்கை மாத்துறன்" என்றாள்.

"நேரம் போகுது, ஏறுமப்பா."

டயர்க் காற்று, எண்ணெய், பெற்றோல் எல்லாம் சரிபார்த்திருந்தேன். பதினோராவது கிலோமீற்றரில் முந்தானை பறந்து சங்கிலியில் சிக்கி அவளைப் பின்னுக்கு இழுத்தது.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ!"

வளைவுக்காக வேகத்தைக் குறைத்திருந்ததால் அவள் விழுமுன் நிறுத்திவிட்டேன். வயலிலிருந்து ஓடிவந்த விவசாயி கத்தியால் சேலையை அறுத்து அவளை விடுவித்தார்.

"எல்லாத்தையும் பாத்தனீங்கள், என்னைப் பாத்தனீங்களே?" என்று கேட்டாள்.

இப்போது அவளுடைய சேலை மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில்தான் பயணம் செய்கிறது. புறப்படுமுன் திரும்பி முதலில் அவளைப் பார்க்கிறேன். அன்று சேலை சிக்கிப் பழுதான சங்கிலியைத் திருத்திய கூலியை அவளே எடுத்துக் கொடுத்தாள்: 650 குரோனர்.