ஆயா இல்லாத படம்

என் அத்தைக்கு ஸ்காட்லாந்து நடிகர்கள் என்றால் உயிர். ஸ்காட்லாந்து கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் துரையைத் தவிர யாருக்குமே தெரியாது. துரைக்கு அது பிறந்த ஊர். அவரை இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். அவர் பங்களாவில் அத்தை ஆயாவாக இருந்தாள். அதனால் ஸ்காட்லாந்து அவளுக்கும் ஏறக்குறையச் சொந்த ஊராகிவிட்டது.

அப்போது படங்கள் பேசாது. ஈப்போவில் ஒரு தகரக் கொட்டகையில் காட்டுவார்கள். வயாங் கெலாப், இருட்டுக் கூத்து, என்றுதான் எல்லோரும் சொல்வோம். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்துகளைப் படித்து ஓர் ஆள் பக்கத்தில் நின்று மலாயில் கத்துவார். வாய் திறந்து பேசாதவர்களில் யார் எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அத்தை கண்டுபிடிப்பாள். "நடையப் பாரு, தெரியல? நம்ம தொரை நடைலா அது" என்பாள். நன்றாக நடிக்கிறவன் எல்லாம் ஸ்காட்லாந்துக்காரன். குதிரையிலிருந்து விழுகிறவன் எல்லாம் இங்கிலீஷ்காரன்.

"ஏன்க்கா, அந்தப் படத்துல ஒரு நாய் வந்துச்சே, அதுவும் ஸ்காட்லாந்தா?" என்று அப்பா சீண்டுவார்.

"இருக்கும்லா. நல்லாத்தானே நடிச்சிச்சு" என்பாள், கொஞ்சமும் அசராமல்.

இந்த நடிகர்களில் ஒருவனைப் பற்றி மட்டும் துரையின் மனைவி, துரைசாணியே சாட்சி சொல்லியிருந்தாள். நீள மூக்கும் அகன்ற தோளும் உள்ள நடிகன். துரைசாணியின் ஊரில் பக்கத்துத் தெருவாம். அவன் படம் வந்துவிட்டால் அத்தையைப் பிடித்து வைக்க முடியாது.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எப்போது பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். துரைக்கு ஒரே மகன். செம்பட்டைத் தலை. அத்தையின் இடுப்பிலேயே வளர்ந்தவன். முதலில் பேசியது தமிழ்தான், அதுவும் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துத் தமிழ். அவன் வாயிலிருந்து வந்த சில வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டு துரைசாணி அத்தையைச் சங்கடத்தில் மாட்டிவிடுவாள். பள்ளிக்கூட வயது வந்ததும், வெள்ளைக்காரர் வழக்கப்படி, பையனைக் கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அத்தை ஈப்போவுக்குப் போக ஆரம்பித்தாள். திரையில் வாலிபர்கள் வந்தால் கண்ணிமைக்காமல் பார்ப்பாள். "வளந்தா இப்படித்தான் இருப்பான்" என்று ஒருமுறை முணுமுணுத்தாள். யார் என்று கேட்டேன். படத்தைப் பார் என்றாள்.

பையன் இருந்தவரை, மதியத்தில் துரைசாணி அவனுக்கு இங்கிலீஷில் ஒரு தடித்த கதைப் புத்தகம் வாசிப்பாள். கேட்டு முடித்ததும் அவன் சமையற்கட்டுக்கு ஓடிவந்து அத்தைக்குத் தமிழில் சொல்வான். அத்தை எனக்குச் சொல்வாள். ஒரு பையனைக் கொள்ளைக்காரர்கள் கப்பலில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பல வருடம் கழித்து, தாடியும் மீசையுமாக அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். வாசலில், எங்கள் தோட்டத்தில் இருக்கிற மாதிரியே, ரம்புத்தான் பழமரம். பெற்றவளுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து அந்த வீட்டு ஆயா கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். அவனை ஒரு பார்வை பார்க்கிறாள். "ஏண்டா கண்ணு, சாப்டியா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன். சொல்ல அவளுக்கும் அலுக்காது.

"பெரியவனாகி வந்தா என்னைத் தெரியுமா அவனுக்கு?" என்று அத்தை அம்மாவிடம் கேட்பாள். "அதான் கதையிலயே இருக்கே" என்று அம்மா சமாதானம் சொல்வாள்.

அந்தக் கதையையே படமாக எடுத்திருக்கிறார்கள், நீள மூக்குக்காரன்தான் கதாநாயகன் என்று ஒருநாள் துரைசாணி சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

எனக்குக் கதை மனப்பாடம். அதனால் சோதனை போடுகிற இன்ஸ்பெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கப்பலில் ஒரு குரங்கு இருக்க வேண்டும், இல்லை. பொறுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் ரம்புத்தான் மரத்துக்குப் பதிலாக இலையில்லாத ஏதோ ஒரு மரம் நின்றது. அதையும் பொறுத்தேன். கடைசியில் நீள மூக்குக்காரன் தாடியோடு வாசலில் வந்து நின்றான். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தது. வந்தது தாய். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டு கட்டிக்கொண்டாள். "ஹாபிஸ்!" என்று மலாய்க்காரர் கத்தினார். படம் முடிந்தது.

நான் பலகைமேல் ஏறி நின்று, "ஆயா எங்க? ஆயா வரலையே!" என்று கத்தினேன். கொட்டகையே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை, என்னை அதட்டவும் இல்லை. ரயிலில் நீள மூக்குக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "புள்ள சும்மா சொல்லியிருப்பானோ?" என்று மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டாள். படம் எடுத்தவன்தான் மோசக்காரன் என்று நான் அடித்துச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவள் பின்னாலேயே நானும் பங்களாவுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டே அத்தை துரைசாணியிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்தக் கதையில ஆயா எங்க வருவா?"

"ஆயா?" துரைசாணிக்குப் புரியவில்லை. "அந்தக் கதையில ஆயா இல்லே. நான் பல தடவை வாசிச்சிருக்கு."

"ரம்புத்தான் மரம்?" என்றேன் நான்.

"ஸ்காட்லாந்தில ரம்புத்தானா?" துரைசாணி சிரித்துவிட்டாள். "யார் சொன்னது இது?"

"சின்னவருதாம்மா" என்றாள் அத்தை.

விஷயம் தெரியாமல் பேசுகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மாவுக்கு அவனை அடையாளமே தெரியாது. ஆயாவுக்குத்தான் தெரியும். அப்படித்தான் கதை" என்று விளக்கினேன்.

துரைசாணியின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தை மடித்த துணிகளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "புஸ்தகத்துல இல்லையாம்டி" என்றாள். "அவனா சேத்திருக்கான். என்னைய அவனா சேத்திருக்கான்." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, முந்தானை நனைந்துவிட்டது. சாத்திய கதவுக்குப் பின்னாலும் யாரோ மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது. ஒரே ஓட்டமாக லயத்துக்கு ஓடி, வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: படம் படுமோசம், பார்த்துவிட்டு வந்து அத்தை அழுகிறாள், துரைசாணிகூட அழுகிறாள், யாரும் ஈப்போவுக்குப் போய்க் காசைத் தொலைக்காதீர்கள் என்று. அத்தையே அழுதாள் என்றால் படம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஒருவர்கூட அந்தப் படத்துக்குப் போகவில்லை.